தத்தெடுத்த நாய்க்குப் பெயரை மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் பதினோரு ஆண்டுகளாக நாய்கள் வந்து தங்கி, உடம்பு தேறி, வேறு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வண்டியில் அடிபட்டவை, வீடு காலி செய்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை, வளர்த்தவர் காலமானதால் நாதியற்றுப் போனவை. அழைத்துச் செல்ல வருகிறவர்கள் கயிற்றைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் கேட்பது, "பெயரை மாற்றிக்கொள்ளலாமா?" என்பதுதான். வாசலில் நின்று அவசரமாகச் சொல்லிவந்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

பெயரை மாற்றினால் நாய்க்கு மனக்கஷ்டம் வருமா?

பெயர் மாறியதற்காக நாய் வருத்தப்படாது. நாம் பெயரை நம் அடையாளமாக நினைக்கிறோம்; சான்றிதழில் ஓர் எழுத்து பிழையானால்கூட அலுவலகம் அலுவலகமாக அலைகிறோம். நாய்க்குப் பெயர் என்பது ஓர் ஒலி. அந்த ஒலியை அடுத்து இதுவரை என்ன வந்தது என்பதே அதற்குப் பொருள். சோறு வந்திருந்தால் வாலை ஆட்டும், அடி வந்திருந்தால் ஒடுங்கும்.

தன் பெயரை நாய் நன்றாகவே அறியும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பலர் பேசும் இரைச்சலுக்கு நடுவே ஒலித்தாலும் நாய்கள் தங்கள் பெயரைப் பிரித்துக் கேட்டன. புதுச் சொல் கற்கவும் அதற்கு இடம் நிறைய இருக்கிறது. அதே நாட்டில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டது. எல்லா நாயும் சேசர் ஆகிவிடாது. ஆனால் இன்னும் ஒரு சொல் எந்த நாய்க்கும் பாரமில்லை.

நான் தயங்குவது வேறொரு காரணத்துக்காக. புது வீட்டுக்கு வந்த முதல் சில நாட்களில் நாய்க்கு எல்லாமே அந்நியம். தரை வேறு, வாசனை வேறு, குடிக்கும் தண்ணீரின் ருசி வேறு, இரவில் கேட்கும் சத்தம் வேறு. அந்த நேரத்தில் அதற்குப் பழக்கமானது பெயர் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே முதல் வாரம் பழைய பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். சாப்பிட்டு, தூங்கி, உங்கள் காலடிச் சத்தம் கேட்டு வாலை ஆட்டத் தொடங்கட்டும். அதன் பிறகு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். இதற்கு ஒரே விலக்கு, அடுத்த கேள்வியில் வருகிறது.

கட்டாயம் மாற்றியே ஆக வேண்டிய நிலை உண்டா?

உண்டு. பெயரே பயமாகிவிட்ட நாய்க்கு அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் காவலுக்குக் கட்டிப்போட்டிருந்த செவலைப் பெட்டை எங்களிடம் வந்தது. கழுத்தில் சங்கிலி அறுத்த புண். "பெயரெல்லாம் ஒன்றும் வைக்கவில்லை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான்கு நாட்கள் அமைதியாக இருந்தது; தார்சாவின் மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும், கூப்பிட்டால் மெல்ல எழுந்து வரும். ஐந்தாம் நாள் மாலை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா அடுப்பைப் பார்த்து, "சனியனே!" என்றார். அந்தக் குரலுக்குத் தார்சாவில் படுத்திருந்த நாய் அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. காது இரண்டும் பின்னால் மடிந்துபோயின. கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தது. அதன் அடியிலிருந்து மூத்திரம் ஓடி வந்து வாசற்படியை நனைத்தது.

பெயர் வைக்கவில்லை என்று அவர்கள் சொன்னது சரியில்லை. மூன்று ஆண்டுகள் அதைக் கூப்பிட்ட பெயர் அதுதான்.

அன்றிரவே பொன்னி என்று பெயரிட்டோம். அந்தப் பழைய சொல்லை வீட்டில் யாருமே, யாரைப் பார்த்தும், எதைப் பார்த்தும் சொல்வதில்லை என்று அம்மா முடிவெடுத்தார். எழுபது வயதில் வாய்ப்பழக்கத்தை மாற்றுவது எளிதல்ல. அவர் மாற்றிக்கொண்டார்.

உங்கள் நாய்க்கும் இப்படி இருக்கிறதா என்று பார்க்க, பழைய பெயரைச் சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். தலையைத் திருப்பினால், காதை நிமிர்த்தினால் கவலையில்லை. காதைப் பின்னால் மடக்குவது, வாலைக் காலிடுக்கில் வைப்பது, உடம்பைத் தாழ்த்துவது, பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது இவையெல்லாம் பயத்தின் அடையாளங்கள். கண்டால் அந்தப் பெயரை அத்தோடு விட்டுவிடுங்கள். பயத்தோடு ஒட்டிய பெயருக்குப் பழைய பெயர், புதுப் பெயர் என்று பாலம் போடும் வேலையும் வேண்டாம், புதிதாகவே தொடங்குங்கள்.

மாற்றாமல் விடுவது எப்போது நல்லது?

நன்றாக வளர்ந்த, வயதான நாயாக இருந்தால். கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்த ஒரு பாட்டி வளர்த்த மணிக்கு ஒன்பது வயது. பாட்டி காலமானதும் பிள்ளைகள் சென்னையில் இருந்ததால் இங்கே வந்தது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். பாட்டி கோயிலுக்குப் போய்த் திரும்பும் நேரமாம். அழைத்துச் சென்ற குடும்பம் லியோ என்று மாற்ற விரும்பியது. மாற்றியிருந்தால் பழகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒன்பது ஆண்டுகள் அன்பாகச் சொல்லப்பட்ட பெயர் அது. அந்தப் பெயரை ஒரு புதுக் குரல் அதே அன்போடு சொன்னால், அந்தக் குரலையும் அந்த நாய் சீக்கிரம் நம்பும். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் மாதமே சாயங்காலக் காத்திருப்பு நின்றுவிட்டது என்று சொன்னார்கள்.

பார்வை மங்கிய நாய்க்கும் இதையே சொல்வேன். அது காதை நம்பித்தான் நடமாடுகிறது.

பழைய பெயர் என்னவென்றே தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு, ஏனென்றால் நம் பக்கத்தில் நாய்ப்பெயர்கள் அதிகமில்லை. மணி, ராஜா, ஜிம்மி, டாமி, டைகர், சீசர், வீரா, பிரௌனி, பப்பி, ஜூலி, ரோசி, ராமு என்று இருபது, இருபத்தைந்து பெயர்களுக்குள் முக்கால்வாசி நாய்கள் அடங்கிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, கழுத்தில் பட்டையோடு ஒரு கறுப்பு நாய் எங்களிடம் வந்து சேர்ந்தது. எந்த ஊரிலிருந்து அடித்துவரப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டையில் எழுத்து எதுவும் இல்லை. உடம்பு காய்ந்து, இரண்டு நாள் சோறு தின்ற பிறகு, படியில் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, தாளில் எழுதி வைத்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடம் இடைவெளி. எல்லாவற்றுக்கும் ஒரே குரல். என் மகள் எதிரே நின்று நாயின் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கு அசையவில்லை. ஜிம்மிக்கு அசையவில்லை. டைகருக்கு ஈ ஓட்டியது. சீசர் என்றதும் இடது காது திரும்பியது, பிறகு தலை திரும்பியது, பிறகு எழுந்து வந்து என் தோளில் மூக்கை வைத்தது.

கொஞ்சிச் சொன்னால் எந்தப் பெயருக்கும் நாய் திரும்பும். அதனால்தான் ஒரே குரலில் சொல்ல வேண்டும். கையில் தின்பண்டமும் இருக்கக் கூடாது. ஒரே நாளில் முழுப் பட்டியலையும் ஒப்பிக்காமல் ஐந்தாறு பெயராகப் பிரித்துக்கொள்ளுங்கள். திரும்பிய பெயரை மறுநாள் இன்னொருவர் சொல்லியும் பாருங்கள்.

தெருவில் வளர்ந்த நாய். அதற்குப் பெயரே இருந்திருக்காதே?

பெயர் இல்லாத தெருநாய் அபூர்வம். டீக்கடையில் ஒரு பெயர், பள்ளிக்கூட வாசலில் ஒரு பெயர், சோறு வைக்கும் அக்கா வீட்டில் ஒரு பெயர் இருக்கும். மூன்றுக்கும் அது வரும். முடிந்தால் அந்தத் தெருவில் விசாரியுங்கள். சோறு வைத்தவர் கூப்பிட்ட பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கும்போது தடுப்பூசி போட்டதா, கருத்தடை ஆனதா என்பதும் தெரியவரும். காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று பொருள்.

எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கொண்டைக்கடலை அளவில் துண்டுபோட்ட, வேகவைத்த கோழி ஈரல் அல்லது முட்டை. மசாலா கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அல்வா, மிட்டாய், சாக்லேட் வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணி வாக்கில், நாய் பசியோடு இருக்கும்போது உட்காருங்கள்.

புதுப் பெயரைச் சொல்லுங்கள், ஒரு விநாடிக்குள் ஈரல் துண்டு வாயில் இருக்க வேண்டும். முதலில் அது உங்களைப் பார்க்க வேண்டும் என்றுகூட எதிர்பார்க்காதீர்கள். பெயர், துண்டு. பெயர், துண்டு. பத்து முறை போதும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாளில் மூன்று, நான்கு தடவை இப்படி. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அது வேறு பக்கம் பார்க்கும்போது பெயரைச் சொல்லிப் பாருங்கள். சட்டென்று உங்கள் கையைத் தேடினால் பொருள் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு அடுத்த அறையிலிருந்து, பிறகு முற்றத்திலிருந்து, பிறகு தெருவில்.

நல்ல பழைய பெயர் ஒன்று இருந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் வரிசை முக்கியம். புதுப் பெயர் முன்னால், பழைய பெயர் பின்னால், அதன் பின் துண்டு. "வேலா... சீசர்", துண்டு. குக்கர் விசில் அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் வருவது பின்னால் வருவதை அறிவிக்கிறது. வரிசையை மாற்றிப் பழைய பெயரை முதலில் சொன்னால், நாய் அதற்கே திரும்பிவிடும், புதுப் பெயர் காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விடும். ஒரு வாரம் போனதும் பழைய பெயரை மெதுவான குரலில் சொல்லுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். வெள்ளத்தில் வந்த சீசரைத் தேடி யாரும் வராததால், மூன்று மாதம் காத்திருந்து, ஒரு குடும்பத்துக்கு வேலனாக இப்படித்தான் கொடுத்தோம்.

கெடுத்துக்கொள்வது எப்படி என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அதிகம் நடக்கிறது. செருப்பைக் கடித்துவிட்டது, "வேலா!" என்று அதட்டுகிறோம். குளிப்பாட்ட வேண்டும், "வேலா, வா" என்று கூப்பிட்டுப் பிடித்துக்கொள்கிறோம். ஊசி போட அழைத்துப்போகும்போதும் அதே பெயர். இப்படி நாலு தடவை நடந்தால் போதும், பெயர் கெட்டுவிடும். அதட்ட வேண்டியிருந்தால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள், பெயரைச் சேர்க்காதீர்கள். குளியலுக்கும் ஊசிக்கும் நீங்களே எழுந்து போய், தட்டிக்கொடுத்து அழைத்து வாருங்கள். காரணமே இல்லாமல் "வேலா, வேலா, வேலா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் வீண். எதுவும் பின்னால் வராத ஒலியை நாய் காதில் போட்டுக்கொள்ளாது.

என்ன பெயர் வைக்கலாம்?

இரண்டு அசைக்குள் முடிகிற, நன்றாக இழுத்துக் கூப்பிட வருகிற பெயர். தமிழில் கூப்பிடும்போது பெயர் மாறிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். இலக்கணத்தில் இதற்கென்றே எட்டாம் வேற்றுமை இருக்கிறது, விளி வேற்றுமை. தடுப்பூசி அட்டையில் வேலன் என்று எழுதுவீர்கள். வாசலில் நின்று கூப்பிடுவது "வேலா". அட்டையில் மணி, தெருவில் "மணீ". நாய்க்கு அட்டை தெரியாது. அதன் பெயர் வேலா, மணீ. ஆகவே பழக்கும்போதும் விளிக்கும் வடிவத்திலேயே சொல்லுங்கள், எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள்.

நெல்லைக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. நாம் பெயருக்கு முன்னால் "ஏலே" போடாமல் கூப்பிட மாட்டோம். "ஏலே மணி", "ஏலே ராஜா" என்று ஒரு மாதம் கூப்பிட்டால் நாய் முதலில் வரும் ஒலியைப் பிடித்துக்கொண்டு, ஏலே என்பதையே தன் பெயராக எடுத்துக்கொள்கிறது. பிறகு தெருவில் பையன்கள் ஒருவரையொருவர் ஏலே என்று கூப்பிடும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக் குழம்பும். முதல் ஒரு மாதமாவது வெறும் பெயரை மட்டும் சொல்லுங்கள். பெயர் பதிந்த பிறகு ஏலேயும் சொல்லலாம், ராசா, செல்லம் என்றும் கொஞ்சலாம்.

கட்டளைச் சொற்களோடு மோதாத பெயராகவும் பாருங்கள். நிலா அழகான பெயர். ஆனால் "நில்" என்று பழக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். வாணிக்கும் வாசுவுக்கும் "வா" இடிக்கும். வேணுவுக்கு "வேண்டாம்" இடிக்கும். உட்காரச் சொல்ல "சிட்" என்கிற வீட்டில் கிட்டு வேண்டாம். "நோ" என்கிற வீட்டில் நோவா வேண்டாம்.

வீட்டிலேயே மூத்தவரைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். பகலெல்லாம் நாயோடு இருக்கப்போவது பெரும்பாலும் ஆச்சிதான். ஆச்சி வாயில் பிரூனோ ஒரு நாள் புருனா, ஒரு நாள் பூனா. ஆச்சிக்குச் சொல்ல வருகிற பெயரே அந்த வீட்டுக்கு ஏற்ற பெயர்.

சாமி பெயர் வைக்கலாமா?

நாய் பைரவருக்கு வாகனம். பைரவா என்று கூப்பிடுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சுடலை, இசக்கி, பேச்சி, முத்து என்பவை இங்கே குலதெய்வத்தின் பெயர்கள். தெருவுக்கு நான்கு பேர் அந்தப் பெயரோடு இருக்கிறார்கள். நீங்கள் பக்தியோடு வைத்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் காதில் விழுவது, "சீ, கீழே இறங்கு" என்பதோடு சேர்ந்த தன் பெயர். அண்டை அயலார் பெயரையும், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். நாயின் நிம்மதி தெருவின் நல்லெண்ணத்தையும் பொறுத்தது.

மூன்று காலோடு வந்த நாயை எல்லோரும் நொண்டி என்றே கூப்பிடுகிறார்கள். அதற்குப் புரியவா போகிறது?

அதற்குப் புரியாது, தெருவுக்குப் புரியும். நொண்டி, குருடன், சொறியன் என்று கூப்பிடப்படும் நாய்க்குக் கல்லெறி அதிகம் விழுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே நாயை ராணி என்று கூப்பிடத் தொடங்கியதும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் "ராணிக்குப் பிஸ்கட்" என்று கேட்டு வந்தார்கள். நாய்க்கு எந்த நிலையிலும் எந்த வயதிலும் மாற்றலாம், மாற்ற வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இந்தப் பெயர்களைத்தான். பெயரைச் சொல்கிற வாய் மனிதருடையது. அந்த வாயில் மரியாதையான சொல் இருந்தால் கையும் கல்லை எடுக்கத் தயங்கும்.

பழைய பெயரைக் கொஞ்சம் மட்டும் மாற்றினால்?

அதுதான் எளிய வழி. ஜிம்மியைச் சிம்மி என்றோ ராஜாவை ரோஜா என்றோ மாற்றினால் நாய் ஏறக்குறைய அன்றைக்கே வந்துவிடும். ஓர் ஒலி மட்டும் மாறிய சொற்களை நாய்களின் மூளை பெரிதாக வேறுபடுத்துவதில்லை என்று 2020இல் ஹங்கேரியில், தலையில் மின்முனைகள் பொருத்தி மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தவர்கள் கண்டார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: வீட்டில் இரண்டு நாய் இருந்தால் ராமு, சோமு என்று வைக்காதீர்கள்.

எத்தனை நாளாகும்?

குட்டிக்கு மூன்று, நான்கு நாள். வளர்ந்த நாய்க்கு ஒன்று முதல் மூன்று வாரம். அடிபட்டு வந்ததற்கு இதைவிடக் கூடுதல், நாள் எண்ணாதீர்கள்.

மூன்று வாரமாகியும் எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை. பிடிவாதமா?

முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். முழு வெள்ளை நாயாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுக்களோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவது பல இனங்களில் உண்டு. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் ராஜபாளையம் நாயிலும் இந்தக் குறை தெரிந்ததே. சங்கரன்கோவிலைத் தாண்டினால் ராஜபாளையம் என்பதால் இங்கே அந்த இனமும் அதன் கலப்பும் நிறைய. காது கேட்காத குட்டிகளை, "சொன்ன பேச்சு கேட்காது" என்று தெருவில் விட்டுவிடுகிறார்கள்.

நாய் வேறு பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்போது, பத்தடி பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். காலைத் தரையில் உதைக்காதீர்கள். அதிர்வு உடம்பில் தெரிந்துவிடும். அதன் கண்ணில் படும்படியோ, காற்று அதன் மேல் படும்படியோ கையை வீசாதீர்கள். நாலைந்து முறை பார்த்தும் காது அசையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், உண்ணி, அழுக்கு அடைப்பு என்றால் தீர்த்துவிடலாம். ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பிறவியிலேயே கேட்காது என்றால் அதற்குக் கையால் பெயர் வையுங்கள். எங்களிடம் இருந்த வெள்ளை நாய்க்கு, உள்ளங்கையை விரித்து இரண்டு முறை மடக்குவது பெயர். இருட்டில் டார்ச்சை ஒரு முறை அடிப்பது பெயர். பழக்குவது மேலே சொன்னபடியேதான்: கை, துண்டு, கை, துண்டு. தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், மூக்கருகே கையை நீட்டி வாசனை காட்டி எழுப்புங்கள். திடுக்கிட்டுக் கடிப்பது அதன் குற்றமல்ல.

பெயர் சொல்லி அருகில் போனால் உறுமுகிறது.

நின்றுவிடுங்கள். உறுமுவது எச்சரிக்கை, அதற்காக அடித்தால் அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும். தூரத்தில் இருந்து பெயரைச் சொல்லித் துண்டை அதன் பக்கம் போடுங்கள், அதுவாக வரட்டும். உடம்பில் எங்கேனும் வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம். கடித்துவிட்டால், சிறு பல் தடமாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையில் பழைய பெயர் இருக்கிறதே?

மருத்துவரிடம் சொல்லி அதே அட்டையில் பழைய பெயருக்குப் பக்கத்தில் புதுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பழைய அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ஊசி போட்ட தேதிகள் அதில்தான் இருக்கின்றன. மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண் மாறாது. பதிவில் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றினால் போதும்.

பழைய பெயரை மறந்துவிடலாமா?

நாய் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். தீபாவளி வெடிச் சத்தத்திலும் கோயில் கொடை வேட்டுச் சத்தத்திலும் மிரண்டு ஓடிய நாய்களைத் தேடி நான் பல இரவுகள் அலைந்திருக்கிறேன். மிரண்ட நாய்க்குப் போன மாதம் கற்ற பெயர் காதில் ஏறாமல் போகலாம். குட்டியில் கேட்ட பெயர் ஏறும். தேடும்போது இரண்டையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள். பழைய வீடு பக்கத்தில் என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். கழுத்துப் பட்டையில் பெயரைவிடத் தொலைபேசி எண்ணே முக்கியம். பெரிய எழுத்தில் அதை எழுதுங்கள்.

பழைய வீட்டார் பார்க்க வந்து பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குழம்பிவிடாதா?

குழம்பாது. மேலப்பாளையத்தில் ஒரு குடும்பம் வளைகுடாவுக்குக் குடிபெயர்ந்தபோது விட்டுச்சென்ற ரோசியைத் தென்காசியில் ஒரு வீட்டில் சேர்த்தோம். அங்கே அவள் மல்லி ஆனாள். ஒன்றரை ஆண்டு கழித்து விடுமுறைக்கு வந்த அந்த வீட்டுச் சிறுமி பார்க்க வேண்டும் என்று அழுததால் அழைத்துப்போனேன். கேட்டுக்கு வெளியே நின்று "ரோசீ" என்றாள். கிணற்றடியில் படுத்திருந்தவள் ஒரே ஓட்டமாக வந்து அவள் முகத்தை நக்கித் தள்ளினாள். பத்து நிமிடம் இப்படியே போனது. உள்ளேயிருந்து ஆச்சி, "மல்லீ, சோறு" என்றார். மல்லி சிறுமியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், உள்ளே போய்த் தட்டை நக்கிக் காலி செய்தாள். மீசையில் சோற்றுப் பருக்கையோடு திரும்பி வந்து அந்தச் சிறுமியின் காலின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள்.